இழுப்பறையில் கிடக்கும் வெள்ளி

பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, இந்த அரங்கை மனமுவந்து வழங்கிய கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் அழகாகப் பேசி அமர்ந்த வேதியியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன சொற்களில் அவருடைய பெருந்தன்மையே தெரிகிறது. அதற்கு முதலில் என் நன்றி.

வெள்ளியைப் பற்றி வரலாறு, மின்சாரம், மருத்துவம் என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1545-இல் இன்றைய பொலிவியாவில் பொத்தோசி மலையில் வெள்ளி கிடைத்தது. அங்கே வாழ்ந்த பூர்வகுடி மக்களைக் கட்டாயப்படுத்திச் சுரங்கத்தில் இறக்கினார்கள். அவர்கள் வெட்டியெடுத்த வெள்ளி ஸ்பெயின் நாணயமாகி, கடல் கடந்து, மணிலா வழியாகச் சீனா வரை போனது. உலக வணிகத்தை ஒரே கயிற்றில் கட்டிய உலோகம் வெள்ளி. ஆனாலும் தங்கத்துக்கு அடுத்த இடத்தில்தான் அதை உட்கார வைக்கிறோம்.

"நிழலின் அருமை வெயிலில் தெரியும்" என்பார்கள். வெள்ளியின் அருமை தெரிந்த ஒரு வெயிலைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1942. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் அணுகுண்டுக்கான யுரேனியத்தைப் பிரிக்க ராட்சத மின்காந்தங்கள் வேண்டும். அவற்றில் சுற்றத் தாமிரம் வேண்டும். தாமிரமெல்லாம் போர்த் தளவாடங்களுக்குப் போய்விட்டது. என்ன செய்வது? மின்சாரத்தைத் தாமிரத்தைவிட நன்றாகக் கடத்தும் உலோகம் ஒன்றே ஒன்றுதான், வெள்ளி! கென்னத் நிக்கோல்ஸ் என்ற ராணுவ அதிகாரி நிதித்துறைக்குப் போனார். அங்கே டேனியல் பெல் என்ற உயர் அதிகாரி. வந்தவர் ஆயிரக்கணக்கான டன் வெள்ளி கேட்கிறார். பெல் திடுக்கிட்டார். எங்கள் துறையில் வெள்ளியை டன்னில் பேசுவதில்லை, ட்ராய் அவுன்சில்தான் பேசுவோம் என்றார். ஒரு ட்ராய் அவுன்ஸ் என்பது 31 கிராம் சொச்சம்! கடைசியில் கடனாகப் போனது சுமார் 13,300 டன். உருக்கி, பட்டையாக இழுத்து, காந்தங்களில் சுற்றினார்கள். போர் முடிந்ததும் இயந்திரங்களைக் கழற்றி, கீழே இருந்த தரைப்பலகைகளையும் பெயர்த்து எரித்து, ஒட்டியிருந்த துகள்களை மீட்டார்கள். கடைசித் தவணை கருவூலத்துக்குத் திரும்பியது 1970-இல். அந்த யுரேனியம் ஹிரோஷிமாவில் விழுந்த குண்டுக்குப் போனது. அந்த வேதனையை மறந்து இந்தக் கதையை என்னால் சொல்ல முடியாது. ஆனால் தரைப்பலகையை எரித்தாவது வெள்ளியை மீட்க வேண்டும் என்ற அந்த அக்கறை இருக்கிறதே, அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால், நம் வீட்டு இழுப்பறையில் கிடக்கும் பழைய கைபேசிக்குள் தங்கத்தைவிட எடையில் அதிகம் இருப்பது வெள்ளிதான். சூரியத் தகட்டின் மேல் ஓடும் மெல்லிய கோடுகளும் வெள்ளி. பழைய எக்ஸ்ரே படச்சுருளிலும் வெள்ளி. 2022-இல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான். மீதி?

விலை ஏறினால் கூடுதலாகத் தோண்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது எளிதல்ல. வெள்ளியில் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், தாமிரம், தங்கம் எடுக்கும் சுரங்கங்களில் உடன்விளைவாகவே கிடைக்கிறது. துத்தநாகத்துக்குத் தேவை இல்லாதபோது வெள்ளிக்காக மட்டும் அந்தச் சுரங்கத்தை யார் விரிவாக்குவார்? நிழலின் அருமை வெயிலில் தெரியும். வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

மருத்துவத்துக்கு நேரம் இல்லை என்று தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தீக்காயத்துக்கு வெள்ளி சேர்ந்த களிம்பு உண்டு என்பதோடு விடுகிறேன்.

முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். கல்லூரியில் மின்னணுக் கழிவுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள். மாணவர்களே, அதில் சேர்வதை உரிமம் பெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கு மட்டும் அனுப்புங்கள். திறந்தவெளியில் எரித்து, அமிலத்தில் முக்கி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளியைவிட அந்தத் தொழிலாளியின் நுரையீரல் பெரிது. முதல் பழைய கைபேசியை நான் இன்றே மேடையில் தருகிறேன். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.