ஐந்து பேர் ஓட்டிய பஸ்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைக்கப்படும் திறந்த மூல மென்பொருளில் கடைசிச் சொல் தனித்தலைவருடையதா, தேர்ந்தெடுத்த குழுவுடையதா? குழுவுடையதே என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டுப் பலத்த கைதட்டல் வாங்கினார். "ஐந்து பேர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் பஸ் ஊர் போய்ச் சேருமா?" வாருங்கள் நண்பரே, அந்த பஸ்ஸிலேயே ஏறுவோம்!

பைத்தான் என்னும் பஸ். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட நிரல்மொழி. 'ஆயுள்கால நல்லெண்ணச் சர்வாதிகாரி' என்பது அவருக்கு அந்தச் சமூகத்தில் வழங்கிய பட்டம். யாரும் வாதிடலாம், முடிவு அவருடையது. 2018இல் ஒரு புதிய குறியீட்டை மொழியில் சேர்க்கலாம் என்று யோசனை வந்தது. ஒரு முக்காற்புள்ளி, பக்கத்தில் ஒரு சமக்குறி. அவ்வளவுதான், நடுவர் அவர்களே! இரண்டே குறி! அதற்கு மாதக்கணக்கில் சண்டை, ஏச்சு, மனக்கசப்பு. கைடோ குறியீட்டை ஏற்றார்; அவர் நினைத்ததே நடந்தது. வென்றவர் என்ன செய்தார்? ஜூலை 12 அன்று கடிதம் எழுதினார். இத்தனை பேர் வெறுக்கும் முடிவுக்காக இனி மல்லுக்கட்ட மாட்டேன், விலகுகிறேன், வாரிசையும் நியமிக்க மாட்டேன், மக்களாட்சியோ சர்வாதிகாரமோ நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

தோற்று இறங்கவில்லை ஐயா, வென்று இறங்கினார்! முடிவு ஒருவருடையது என்றால் வெறுப்பும் முழுக்க அந்த ஒருவர் தலையில்தான் விழும்.

பஸ் நின்றதா? டிசம்பரில் வாக்கெடுத்தார்கள். ஐவர் குழு என்ற ஏற்பாடு வென்றது. ஒரே நிறுவனத்தார் இருவருக்கு மேல் கூடாது என்று விதியும் வைத்தார்கள். 2019 அக்டோபரில் 3.8 பதிப்பு வந்தது, சண்டைக்குக் காரணமான அதே குறியீட்டோடு! முதல் ஐவரில் ஒருவராகத் தேர்வானவர் யார்? அதே கைடோ! நண்பரே, உங்கள் பஸ் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்துக்கு அதை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் ஒருவர்தானே தலைவர் என்பார்கள். ஒவ்வொரு பகுதியையும் பேணுவோர் சரிபார்த்து அனுப்புவதைத்தான் அவர் பெரும்பாலும் இணைக்கிறார்.

வாதம் கிடக்கட்டும். மனிதரைப் பாருங்கள். எக்ஸ்இசட் என்று ஒரு கோப்புச் சுருக்கக் கருவி. உலகெங்கும் சர்வர்களில் இருப்பது. ஊதியமில்லாமல், பல ஆண்டுகளாகப் பேணியவர் ஒரே ஒருவர். 2022இல் ஏன் தாமதம் என்று நச்சரித்தார்கள். மனநலம் சரியில்லை என்று அவர் பொதுவெளியிலேயே எழுதினார். உதவ வந்தவர்போல் ஒருவர் நம்பிக்கை பெற்று உள்ளே நுழைந்தார். 2024இல் அந்தக் கருவிக்குள் திருட்டு வாசல், அதாவது பிறர் கணினிக்குள் கள்ளத்தனமாக நுழையும் வழி, இருப்பது தெரிந்தது. உள்நுழைவு அரை நொடி தாமதமானதை ஒரு பொறியாளர் விடாமல் துருவியதால்தான் அதுவும் வெளிவந்தது.

தனியாகப் பேணிய அந்த மனிதர் சோர்ந்துபோன நாளில், "நீங்கள் ஓய்வெடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்ல, அவருக்குச் சமமான அதிகாரத்தோடு நான்கு பேர் இருந்திருக்க வேண்டாமா? அந்த நான்கு பேரைத்தான், நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்கிறது. நல்ல தீர்ப்பாகச் சொல்லுங்கள்!