அது 1917 படமே இல்லை!

இன்று டீ கூடப் போடவில்லை, அவ்வளவு கடுப்பு. ரஷ்ய வரலாற்றுக் கைடு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் சொல்லிவைத்து வரவழைத்தேன். புத்தகம் 130 ரூபாய், கூரியர் 140. பேரம் பேசிப் புத்தகத்தில் பத்து ரூபாய் குறைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தால் 61 முதல் 68 வரை பக்கங்களே இல்லை. போகட்டும் என்று விட்டேன்.

விட முடியாதது இந்தப் படம். கிட்டே காட்டுகிறேன். பெத்ரோகிராத் நகரில் அரசாங்கம் இருந்த குளிர்கால அரண்மனையை நோக்கிக் கூட்டம் பாய்கிறது. கீழே 'அக்டோபர் புரட்சி, 1917' என்று போட்டிருக்கிறார்கள். இது நாடகம்! 1920 நவம்பர் 7 அன்று, புரட்சியின் மூன்றாம் ஆண்டு விழாவுக்கு, நாடக இயக்குநர் எவ்ரெய்னொவ் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து அதே இடத்தில் நடத்தியது. வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் படத்திலிருந்து அழித்துவிட்டார்கள். அப்புறம் அது பாடப்புத்தகங்களில் ஆதாரமாக உட்கார்ந்துகொண்டது. பொதெம்கின் கிராமங்கள் வீடியோவில் நான் கத்தியது ஞாபகம் இருக்கும். ராணி பார்ப்பதற்காகப் போலிக் கிராமங்களைக் கட்டினார்கள் என்று வாய்வழி வந்த கதை அது. இது அதைவிட மோசம், கண்ணாலேயே நம்பவைக்கிறது.

நிஜத்தில் என்ன நடந்தது? லெனினின் போல்ஷெவிக் கட்சி ஆட்சியைப் பிடித்த நாள் அது. இடைக்கால அரசின் தலைவர் கெரென்ஸ்கி காலையிலேயே காரில் கிளம்பிவிட்டார். அரண்மனைக் காவலுக்கு ராணுவப் பள்ளி மாணவர்களும் பெண்கள் படைப்பிரிவில் ஒரு பகுதியும் இருந்தார்கள். பலர் இருட்டுவதற்குள் நழுவிவிட்டார்கள். நள்ளிரவு தாண்டி 2 மணிவாக்கில் மந்திரிகள் கைது. புரட்சிக்காரர்கள் பக்கம் இருந்த அரோரா போர்க்கப்பல் போட்டது வெற்று வேட்டு.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் புரட்சிக்காரர்கள் கையில் இருந்த பீட்டர்-பால் கோட்டையிலிருந்து நிஜக் குண்டுகளும் வந்தன. அதனால் 'ஒன்றுமே நடக்கவில்லை, வெறும் ஆட்சிக்கவிழ்ப்பு' என்று மறுபக்கம் சாய்கிறவர்களும் எனக்கு ஆகாது. புரட்சியா, கவிழ்ப்பா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அன்றிரவு அரண்மனையில் சண்டை சின்னது என்பதால், அந்த வருஷம் தொழிற்சாலையிலும் போர்முனையிலும் கிராமத்திலும் நடந்ததெல்லாம் சின்னதாகிவிடுமா?

ஆ, தேதி! நவம்பர் 7-க்கு ஏன் அக்டோபர் என்று பெயர்? ரஷ்யாவின் பழைய நாள்காட்டி 13 நாள் பின்தங்கியிருந்தது. அதன்படி அது அக்டோபர் 25. 1918 பிப்ரவரியில்தான் மாற்றினார்கள்.

வழக்கம்போலப் பென்சிலை எடுத்து 1917-ஐ அடித்து 1920 என்று எழுதிவிட்டேன். எனக்கு முன்னால் இந்தக் கைடை வைத்திருந்தவர், அந்தப் படத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'முக்கியம், கட்டாயம் வரும்' என்று எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கிறார்.