தொண்ணூறு சதவீதத்துக்குள் வராத அக்காக்கள்

(வடசென்னை கொருக்குப்பேட்டைக் கூட்டத்தில் பேசியதை எழுத்தாக்கியது)

எல்லாருக்கும் வணக்கம். காசிமேட்டு மீன் வியாபாரத்தை முடித்துவிட்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்து உட்கார்ந்திருக்கும் அக்காக்களுக்குத் தனியாக ஒரு வணக்கம், இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் எழுத்தறிவு 90 சதவீதம். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் 80. கன்னியாகுமரி 91-ஐத் தாண்டிவிட்டது, தருமபுரி 70-ஐத் தொடவில்லை. சரி, நாம் நல்ல இடத்தில்தான் இருக்கிறோம் என்று தோன்றும். ஆனால் அப்போது திருவொற்றியூர், எண்ணூர், மணலி, மாதவரம் எல்லாம் திருவள்ளூர் மாவட்டக் கணக்கில் இருந்தன. வடசென்னையில் பெரிய பகுதி அந்த 90-க்குள் வரவே இல்லை. 2021-இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பும் தள்ளிப் போய்விட்டதால் இந்தப் பழைய எண்ணை வைத்துத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்னைத் தூங்கவிடாத எண்கள் வேறு. அதே 2011-இல் தமிழ்நாட்டு நகரங்களில் பெண்களின் எழுத்தறிவு 82 சதவீதம். கிராமத்து ஆண்களுக்கும் அதே 82. கிராமத்துப் பெண்களுக்கு 65 மட்டும். நகரத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் 10 புள்ளிக்குள் இருக்கிற இடைவெளி, கிராமத்தில் 17 ஆகிறது. ஏன்? ஐந்தாவது முடித்ததும் அடுத்த பள்ளிக்கூடம் தூரம், தண்ணீர் எடுக்கணும், தம்பியைப் பார்த்துக்கணும், அப்புறம் கல்யாணம்.

கல்யாணம் ஆகி அந்தப் பெண் எங்கே வருகிறாள்? இங்கேதான். வியாசர்பாடிக்கும் கொடுங்கையூருக்கும் திருவள்ளூர் பக்கத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் மருமகளாக வந்து முப்பது நாற்பது வருஷமாக இங்கேயே உழைத்தவர்கள் எத்தனை பேர்! கிராமத்துக் கணக்கு என்று நாம் தள்ளி வைக்கிற எண் நம் தெருவிலேயே குடியிருக்கிறது.

குழுக் கடன் வாங்கும் வீடுகளில் பார்த்திருக்கிறேன். நெத்திலி விலையும் வஞ்சிரம் விலையும் வட்டியும் மனக்கணக்காக நொடியில் சொல்கிற அக்கா, கடன் பாரத்தில் விரல் காட்டிய இடத்தில் தன் பெயரை மெதுவாக வரைகிறார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை. புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் எழுத்தறிவு என்று கணக்கெடுப்பே சொல்கிறது. கையெழுத்து மட்டும் போட்டால் அந்தக் கணக்கில் சேராது.

இன்னொன்று. ஏழு வயதுக்கு மேற்பட்ட எல்லாரையும் சேர்த்து எடுக்கிற சதவீதம் இது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகப் போக, படிக்காத பெரியவர்கள் காலமாகிவிட, அது தானாக ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தைக் காட்டி வேலை முடிந்துவிட்டது என்று சொன்னால், நம் அம்மாக்கள் செத்தால் போதும் என்று காத்திருப்பதாகத்தான் அர்த்தம். அதை நான் ஏற்கவே மாட்டேன்.

பெரியவர்களுக்கு இனிமேல் படிப்பு ஏறாது என்பதும் பொய். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஊர்வலமே போனார்கள். இப்போதும் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இருக்கிறது, தன்னார்வலர்கள்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பகுதியில் வகுப்பு வைத்தால் நேரத்தை அக்காக்கள் முடிவு செய்யட்டும். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவரை ராத்திரி எட்டு மணிக்கு வரச் சொன்னால் எப்படி வருவார்?

அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று தேதி அறிவித்திருக்கிறார்கள். கணக்கெடுக்க வருகிறவரிடம் வீட்டு ஆம்பளை எல்லாருக்கும் சேர்த்து "எல்லாம் படிச்சவங்கதான் சார்" என்று சொல்லி அனுப்பிவிட வேண்டாம். படிக்க எழுதத் தெரியுமா என்ற கேள்விக்கு அக்காவே வாசலுக்கு வந்து பதில் சொல்லட்டும். தெரியாது என்றால் தெரியாது என்றே எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால்தான் எத்தனை பேருக்கு வகுப்பு வேண்டும் என்று நாம் போய்க் கேட்க முடியும்.