பேனலுக்குள் ஒரு சால்டரிங் அயர்ன்

நேயர்களுக்கு வணக்கம். மில்களில் எலக்ட்ரிகல் பராமரிப்பு பார்த்தவன் நான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இருந்தபோது, ஒரு நாள் இரவு ஷிப்டில் தரை கூட்டும் அம்மா வந்து, "ஏனுங்க சார், அந்தப் பீரோவுக்குள்ள கருவாட்டு வாடை வருதுங்க" என்றார். பீரோ என்று அவர் சொன்னது நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் மெஷினுக்கு மின்சாரம் போகும் பேனலை. யாராவது சாப்பாட்டைச் சூடாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்திருப்பார்கள் என நினைத்துக்கொண்டே போனேன். திறந்தால், மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒன்றான ஒய் பேஸ் கேபிள் டெர்மினலில் சேரும் இடத்தில் மேலுறை கறுத்துச் சுருண்டிருந்தது. சூடேறும் பேக்லைட், பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து இப்படி மீன் வாடை வருவதுண்டு. மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிரேக்கர் விழவே இல்லை.

ஏன் விழவில்லை என்று பலரும் கேட்பார்கள். பிரேக்கர் கவனிப்பது கரண்ட் அளவு மீறுகிறதா என்பதை மட்டும்தான். கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்தால் கரண்ட் அதிகமாகாது, அந்த இடம் மட்டும் சூடேறும். சின்னக் கணக்கு ஒன்று சொல்கிறேன். 100 ஆம்பியர் ஓடுகிற இணைப்பில் கால் வோல்ட் விரயமாகிறது என்று வையுங்கள். பெருக்கினால் 25 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குவார்களே, அந்தச் சின்ன சால்டரிங் அயர்ன்கூட 25 வாட்தான். அதை ஒரு போல்ட்டோடு சேர்த்துக் கட்டி, பேனல் கதவையும் சாத்திவிட்டுப் போனால் எப்படியோ அப்படி. 415 வோல்ட் லைனில் கால் வோல்ட் குறைவது மோட்டாருக்குத் தெரியவே தெரியாது.

சூடான செம்பில் ஆக்சைடு படியும். அதனால் எதிர்ப்பு கூடும், எதிர்ப்பு கூடினால் சூடும் கூடும். மெஷின் ஓடி ஓடி நிற்கும்போது உலோகம் விரிந்து சுருங்கி போல்ட் இன்னும் தளரும். அலுமினியக் கேபிளை, பேனலுக்குள் மின்சாரம் பிரிந்து போகும் பட்டையான செம்பு பஸ் பாரில் நேராக மாட்டியிருந்தால் இது சீக்கிரமே நடக்கும். கேபிள் நுனியில் இரண்டு உலோகமும் சேர்ந்த பைமெட்டல் லக் என்ற இணைப்புத் துண்டு போட வேண்டும். சாதாரண பிவிசி கேபிள் தொடர்ந்து தாங்குவது 70 டிகிரி. பஞ்சு மில்லில் இதற்கு மேல் ஒரு தொல்லை, பேனலுக்குள் படியும் பஞ்சுத் தூசி. ஒரு தீப்பொறி விழுந்தால் பற்றிக்கொள்ள அது போதும்.

சரி, முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி? சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா நல்ல கருவி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மில்லை நிறுத்திவிட்டு அதைக் கூப்பிடுகிறவர்களை என்ன சொல்ல! லோடு ஓடினால்தான் சூடு தெரியும். குறைந்தது 40 சதவீத லோடாவது வேண்டும். முன்னால் இருக்கும் அக்ரிலிக் தடுப்பு வழியாகக் கேமராவுக்கு எதுவும் தெரியாது. பளபளக்கும் செம்பு, உள்ளதைவிடக் குளிர்ச்சியாகக் காட்டும். மின்சாரத்தை நிறுத்தியிருக்கும்போதே அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டி வைப்பது நல்லது. ஒரே அளவு கரண்ட் ஓடும் இரண்டு பேஸுக்கு நடுவே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உடனே சரிசெய்ய வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பரவலான கணக்கு. ஓடும் பேனலைத் திறப்பது பயிற்சியும் முகம் முழுவதும் மறைக்கும் பாதுகாப்புக் கவசமும் உள்ளவர் செய்கிற வேலை, மற்றவர்கள் எட்டி நில்லுங்கள்.

கேமரா வருகிற நாள் தவிர மற்ற நாட்களுக்கு, சூடு ஏறினால் நிறம் மாறி அப்படியே நின்றுவிடும் ஸ்டிக்கர்கள் கிடைக்கின்றன. ஒவ்வொரு இணைப்பருகிலும் ஒன்று ஒட்டலாம், விலையும் குறைவு. கூரையில் இருக்கும் புகை உணரியை நம்பாதீர்கள். புகை அங்கே போய்ச் சேரும்போது பேனல் போயிருக்கும். முக்கியமான பேனலுக்குள் சூடுபட்டால் வெடித்து வாயுவைப் பீச்சும் குழாய் போடலாம். ஆனால் அது பிடித்த தீயை அணைக்கத்தான். என்னைக் கேட்டால் முதலில் ஸ்டிக்கருக்குச் செலவு செய்யுங்கள் என்பேன்.

போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவதும் தப்பு. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனரில் அளவாக முறுக்கி, போல்ட்டிலிருந்து பஸ் பார் வரை ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிட்டால், தளரும்போது கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

அன்றிரவு மெஷினை நிறுத்தி, லக்கை மாற்றி, கறுத்த கேபிளை வெட்டி எறிந்தோம். அந்த அம்மா அடுத்த வாரம் இன்னொரு பேனலைக் காட்டினார். அதற்குள் நிஜமாகவே யாரோ கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார்கள்.