நாலில் ஒன்று பட்டினி: 20 வருட டர்போ காருக்கு இன்ஜெக்டர் மாற்றிய கதை

வணக்கமுங்க. சாப்டாச்சுங்களா? பின்னால் கேட்கிறது மயில். நான் கேமராவை ஆன் செய்தால் அதற்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. இன்றைக்கும் பல்லடம் பக்கம், அப்புச்சி (அம்மாவின் அப்பா) தோட்டத்துச் சாளையில்தான் ஷூட்டிங்.

இது நம்ம 2005 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், சிலிண்டருக்கு அஞ்சு வால்வு வீதம் மொத்தம் 20, ஷோரூமை விட்டு வரும்போது 150 குதிரை. நாலு கதவு இருக்கிறதே, இது எப்படி ஸ்போர்ட்ஸ் கார் என்று சிலர் சண்டைக்கு வருவீர்கள். வாங்க, ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். இது வந்த காலத்தில் நம்ம ஊரில் டர்போ பெட்ரோல் என்பதே அபூர்வம்.

வேலை விஷயமாக ஏழு மாசம் வெளியூரில் இருந்தேன். வண்டி இதே ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் 'டப் டப்' என்று ஒரு துள்ளல். சூடானதும் ஐடில் (மிதிக்காமல் நின்றபடி ஓடுவது) சரியாகிவிடும். ஆனால் மூணாவது கியரில் முழுசாக மிதித்தால் 4,000 ஆர்பிஎம் தாண்டியதும் யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். லேப்டாப்பை மாட்டினேன். மூணாவது சிலிண்டரில் மிஸ்ஃபையர், அதாவது பெட்ரோல் சரியாக எரியவில்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினேன், பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை ரெண்டாம் சிலிண்டருக்கு இடம் மாற்றிப் பார்த்தேன். மிஸ்ஃபையர் நகரவில்லை, மூணிலேயே நின்றது.

தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லாருக்கும் ஒரே பதில்: "பெரிய இன்ஜெக்டர் போட்டு விடுங்க." இன்ஜெக்டர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோல் தெளிக்கிற குட்டி வால்வு. அதைப் பெரிசாகப் போட்டால் பவர் வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வராதுங்க. இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு எவ்வளவு நேரம் திற என்கிறதோ அவ்வளவு நேரம் திறந்து மூடுவதுதான் அதன் வேலை. காற்று கூடினால்தான் பவர் கூடும். அந்தக் காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் கிடைக்காமல் போனால்தான் இன்ஜெக்டர் பிரச்சினையாகிறது.

இதை எனக்குப் புரிய வைத்தது யூடியூப் இல்லை, அப்புச்சி. தென்னைக்குச் சொட்டுநீர் போட்டிருக்கிறோம். ஒரு நாள் காலையில் அவர் கூடவே வரப்பில் நடந்தேன். மெயின் பைப் மீட்டரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மரமாக நின்று, அடியில் ஈரம் எவ்வளவு அகலம் படர்ந்திருக்கிறது என்று காலால் மண்ணைத் தள்ளிப் பார்க்கிறார். "ஏண்டா கண்ணு, மீட்டரு செரியாத்தான் காட்டும். அடைச்சுக்கிட்ட மரத்துக்குத் தண்ணி போகலீன்னு அது சொல்லுமா?" என்றார். எனக்கு அங்கேயே பொறி தட்டியது. நம்ம காரில் ஆக்ஸிஜன் சென்சார் உட்கார்ந்திருப்பது நாலு சிலிண்டர் புகையும் ஒன்றாகச் சேரும் இடத்தில். அது பார்ப்பது சராசரி. ஒரு இன்ஜெக்டர் அடைத்துக்கொண்டால் மொத்தத்தில் பெட்ரோல் குறைகிறது என்று நினைத்து, ஈசியு நாலுக்கும் கூட்டி ஊற்றும். நல்லா இருக்கிற மூணுக்கு அஜீரணம், அடைத்துக்கொண்ட ஒன்று அப்போதும் பட்டினி. டர்போ காரில் பூஸ்ட் ஏறும்போது (டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது) ஒரு சிலிண்டர் பட்டினி கிடந்தால் உள்ளே சூடு ஏறி, பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வந்து, கடைசியில் பிஸ்டனே உருகிப் போகும்.

அதனால் முதலில் கழற்றி அளந்துவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

கழற்றுவது பெரிய வித்தை இல்லை, ஆனால் கையாளப் போவது பெட்ரோல். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, தானாக அணையும் வரை ஓடவிட்டேன். லைனில் இருந்த பிரஷர் இறங்கிவிடும். அப்புறம் பேட்டரி நெகட்டிவ். பக்கத்தில் தீயணைப்பான், கதவு ரெண்டும் திறந்து. நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொண்டுவரும் குழாய்தான் ரெயில், அதைப் பிடித்திருப்பது ரெண்டே போல்ட். தூக்குவதற்கு முன்னால், இதோ பாருங்க, இன்ஜெக்டர் உட்கார்ந்திருக்கும் குழியைச் சுற்றி. ஏழு மாசத் தோட்டத்து மண், தேங்காய் நார்த் தூள். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் உருவினால் இவ்வளவும் நேராக வால்வு மேல் விழும். இருபது வருடச் சூட்டில் கனெக்டர் பிளாஸ்டிக் அப்பளமாகியிருக்கும். கிளிப்பை நோண்டாதீர்கள், மெதுவாக அமுக்கி இழுங்க. நான் ஒன்றை உடைத்தேன்.

கோயமுத்தூரில் குறிச்சிப் பக்கம் ஒரு அண்ணா டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கிறார். நாலு கண்ணாடிக் குழாய், மேலே நாலு இன்ஜெக்டர், 3 பார் பிரஷர். இந்த வண்டியின் ஒரிஜினல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 315 சிசி ஊற்ற வேண்டும். அப்படியானால் 30 செகண்டில் 157. ஓடவிட்டோம். ஒன்று 158, ரெண்டு 155, நாலு 157. மூணாவது 124! அஞ்சில் ஒரு பங்கு காணோம். அதைவிடத் தெளிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். மற்ற மூணும் பனி மாதிரிக் கூம்பாக விரிகிறது, இது மட்டும் ஓட்டை ஹோஸ் மாதிரி ஒரு பக்கமாகக் கோடு போடுகிறது. அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு எடுத்து மறுபடி ஓட்டினோம். 149 வரை வந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

சாதா வண்டியாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். இது 2019-ல் ரீமேப் செய்த, அதாவது ஈசியு புரோகிராமை மாற்றிய வண்டி, சுமார் 190 குதிரை. சரி, ஒரு கணக்கு போடலாம். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 சிசி பெட்ரோல் வேண்டும். 190க்கு 1,140. நாலால் வகுத்தால் 285. ஒரிஜினல் 315 என்பதால் அப்போதே 90 சதவீதம் திறந்த நிலை. அதற்கு மேல்தான் 2023-ல் அறிமுகமான இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வந்தது, இப்போது பெரும்பாலான பங்க்கில் அதுதான். எத்தனால் எரிய அதே காற்றுக்கு அதிக எரிபொருள் கேட்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்றால் தனி எத்தனாலுக்கு 9 தான். இருபது சதவீதம் கலந்தால் அளவில் ஏழெட்டு சதவீதம் கூடுதல் ஊற்ற வேண்டும். 285, 306 ஆகிவிட்டது. 306க்கு 315!

6,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு ஒரு முழுச் சுற்று முடிய 20 மில்லி செகண்ட்தான். அதில் 19.4 மில்லி செகண்ட் இன்ஜெக்டர் திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். மூடித் திறக்கவே அதற்கு நேரம் வேண்டும், மூச்சு விடவே இடமில்லை. 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 306ஐ 0.8 ஆல் வகுத்தால் 383. அதனால் 400 சிசி செட் போதும். 630, 1,000 எல்லாம் வாங்கி மாட்டினால், ஐடிலில் ரெண்டு மூணு மில்லி செகண்ட் மட்டும் திறக்க வேண்டிய இடத்தில் கட்டுப்படுத்த முடியாமல் வண்டி சிக்னலில் நின்று குலுங்கும்.

இனி என் முட்டாள்தனம். ஆன்லைனில் பாதி விலைக்கு ஒரு செட் கிடைத்தது. பெட்டி, ஹாலோகிராம், பார்ட் நம்பர் எல்லாம் பக்கா. குறிச்சி அண்ணா பெட்டியைப் பார்த்தே சிரித்தார். "மாட்டறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாத்துருலாமுங்க." 30 செகண்டில் 200 வர வேண்டிய இடத்தில் 192, 207, 181, 199. ஒன்றுக்கொன்று பதிமூணு சதவீதம் வித்தியாசம்! புதுசு வாங்கி, பழைய பிரச்சினையையே மாட்டியிருப்பேன். விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்த நாலும் இப்போது பென்சில் டப்பாவில் கிடக்கின்றன. அடுத்த செட்டை ஃப்ளோ ஷீட்டோடு (ஒவ்வொன்றும் எவ்வளவு ஊற்றும் என்று அளந்த தாள்), முழு விலைக்கு வாங்கினேன். 201, 200, 202, 201.

வாங்குவதற்கு முன் மல்டிமீட்டரில் இன்ஜெக்டரின் ஓம் (மின் தடை) பாருங்க. நம்ம மாதிரி வண்டிக்கு 12 முதல் 16 ஓம் வர வேண்டும். பழைய ஜப்பான் டர்போக்களில் 2, 3 ஓம் வகை வரும். தெரியாமல் அதை இங்கே மாட்டினால் கரண்ட் பல மடங்கு இழுத்து, ஈசியுவில் இன்ஜெக்டரை இயக்கும் சர்க்யூட்டையே எரித்துவிடும்.

புது இன்ஜெக்டர் பழசைவிட 13 மில்லிமீட்டர் குட்டை. ரெயிலுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம், ஆனால் கோயமுத்தூரில் இருந்துகொண்டு அதைச் செய்தால் ஊருக்கே அவமானம். விஞ்ஞானி ஜி.டி. நாயுடு வாழ்ந்த ஊர், ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்த கரிவரதன் ஊர். கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அறுபது வயசு இருக்கும் அந்த அண்ணாவுக்கு. இன்ஜெக்டரை வாங்கி, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் பள்ளத்தை வெர்னியரில் மூணு தடவை அளந்தார். டிராயிங் கொடுத்தேன், வாங்கி ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டார். "பெட்ரோலு போற எடமுங்களா தம்பி? அப்ப அலுமினியத்துல போட்டுக்கலாம். சாயந்திரம் வாங்க."

சாயந்திரம் நாலு அடாப்டரும் தயார், கண்ணாடி மாதிரி. புது ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு சுத்தமான இன்ஜின் ஆயில் தடவி, திருகாமல் நேராக அழுத்தி உட்கார வைத்தேன். ரெயிலை இறக்கி, ரெண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஃப்யூஸைப் போட்டு, லைனில் பிரஷர் ஏற, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் நாலு தடவை ஆன் ஆஃப். ரெண்டாம் அடாப்டரின் விளிம்பில் மிளகு சைஸில் ஒரு பெட்ரோல் முத்து. துடைத்தால் அரை நிமிடத்தில் மறுபடி முத்து. உடனே ஃப்யூஸை எடுத்துவிட்டேன்.

கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள் சுவரில் டூல் போன தடம் மெல்லிய புரி மாதிரி சுற்றிச் சுற்றி இறங்குகிறது. அந்தப் புரி வழியாக பெட்ரோல் ஏறி வந்திருக்கிறது. டார்ச் இல்லாமல் கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். பட்டறை அண்ணாவிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. நாலையும் வாங்கி, ஒவ்வொன்றாக லேத்தில் மாட்டி, நைஸ் எமரி பேப்பரைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு எடுத்தார். காசு வாங்கவில்லை. "வண்டி ரெடியானா ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அப்புறம் ரீமேப். இதை விட்டால் மற்ற எல்லாம் வீண். ஈசியுவுக்கு இன்னும் 315தான் தெரியும். சொல்லாமல் 400 மாட்டினால் 27 சதவீதம் கூடுதலாக ஊற்றும், பிளக் கறுத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் போய்ச் சேரும். அளவு மட்டும் மாற்றினால் போதாது, பேட்டரி வோல்ட்டேஜுக்கு ஏற்ப இன்ஜெக்டர் திறக்கத் தாமதமாகும் நேரத்தின் அட்டவணையையும் புது இன்ஜெக்டருடையதாக மாற்ற வேண்டும். அதைப் பாதியில் விட்டவர்கள்தான் ஏசி போட்டால் வண்டி அணைகிறது என்று புலம்புகிறார்கள். புகைச் சான்றிதழ் புதுசாக எடுத்துவிட்டேன், இன்சூரன்ஸிலும் சொல்லிவிட்டேன்.

முழு பூஸ்டில் சோதனை ரோட்டில் செய்யவில்லைங்க, செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில்தான். லேத் அண்ணா பக்கத்து சீட்டில், ஹெல்மெட்டோடு. 6,000 வரை இழுத்தேன். லேப்டாப்பில் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம் அதிகபட்சம் 77 சதவீதம். மிஸ்ஃபையர் நாலு சிலிண்டரிலும் பூஜ்யம். அண்ணா ஸ்பீடாமீட்டரைப் பார்க்கவே இல்லை. தலையைச் சாய்த்து பானட் பக்கமே காதைக் கொடுத்திருந்தார். இறங்கியதும் பானட்டைத் திறக்கச் சொல்லி, ரெண்டாம் அடாப்டரைச் சுற்றி விரலை விட்டுத் தடவி மோந்து பார்த்தார்.

இது மறுநாள் காலை, ஆறு மணி, இன்ஜின் ஐஸ் மாதிரிக் கிடக்கிறது. மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன், கேளுங்க.

கேட்டீங்களா? அந்த 'டப் டப்' இல்லை. இடையில் ஒரு சத்தம் வந்ததே, அது மயில்.