குறட்டை நிக்கிற அந்த நொடி

வணக்கம்ங்க. இந்த ராத்திரி நேரத்துல ரேடியோ கேட்டுட்டு இருக்கிற எல்லாருக்கும் வணக்கம். பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டே கேக்குறவங்க இருப்பீங்க, நைட் ஷிஃப்டுல வாட்ச்மேன் வேலை பாத்துக்கிட்டு கேக்குறவங்க இருப்பீங்க, லாரி ஓட்டிக்கிட்டே கேக்குறவங்களும் கண்டிப்பா இருப்பீங்க. முக்கியமா அந்த லாரிக்காரங்களுக்காகத்தான் இன்னைக்கு நான் இந்த மைக் முன்னாடி வந்து உக்காந்திருக்கேன்.

நான் ஒரு ஸ்லீப் லேப்ல டெக்னீஷியனா பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். அப்படி ஒரு லேப் இருக்கிறதே நெறைய பேருக்குத் தெரியாது. ஊரே தூங்குறப்ப நான் முழிச்சிருந்து, அடுத்தவங்க எப்படித் தூங்குறாங்கன்னு விடிய விடிய கம்ப்யூட்டர்ல பாத்துக்கிட்டே இருக்கணும், அதுதான் வேலை. ராத்திரி ஒன்பது மணி வாக்குல பேஷண்ட் வருவாங்க, கையில ஒரு பை, அதுல லுங்கி, சொந்தத் தலகாணி, போர்வை. தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு வராதீங்கன்னு போன்லயே சொல்லியிருப்போம், பாதிப் பேரு வெச்சுட்டுத்தான் வருவாங்க, எண்ணெய் இருந்தா ஒயர் ஒட்டாது, அதனால மறுபடி ஷாம்பு போட்டுக் குளிக்க அனுப்புவோம். அப்புறம் டேப் எடுத்து மூக்கு மேட்டுல இருந்து பின்மண்டை மேடு வரைக்கும் அளந்து, சிவப்புப் பென்சில்ல புள்ளி வெச்சு, அந்தந்த இடத்தை ஜெல் போட்டுத் தேச்சு, பேஸ்ட் வெச்சு ஒவ்வொரு ஒயரா ஒட்டுவோம். கண்ணு ஓரத்துல ரெண்டு, தாடையில, கால்ல, நெஞ்சுல ஒரு பெல்ட், வயித்துல ஒரு பெல்ட், மூக்குல மூச்சைப் பிடிக்க ஒரு சின்ன டியூபு, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப்பு. எல்லாம் முடிய முக்கா மணி நேரம் ஆகும். "இவ்ளோ ஒயரோட எப்படிங்க தூங்குறது"ன்னு கேப்பாங்க, ஆனா உண்மையான பிரச்சனை இருக்கிறவங்க லைட்டை அணைச்ச அஞ்சாவது நிமிஷம் தூங்கிடுவாங்க. அவ்ளோ சீக்கிரம் தூங்குறதைப் பாத்தா கூட வந்தவங்களுக்கு நிம்மதியா இருக்கும், எனக்கு கவலையா இருக்கும்.

ஸ்க்ரீன்ல ஒரு பக்கம்னா முப்பது செகண்ட். எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு 960 பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு ஆளு உக்காந்து படிக்கணும், இது முழிப்பு, இது லேசான தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவுத் தூக்கம்னு. தூக்கம்னா சுவிட்சை ஆஃப் பண்ண மாதிரின்னு நாம நெனச்சுட்டு இருக்கோம், உண்மையில அது ஏறி இறங்குற ஒரு பயணம், சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கு ஒரு சுத்து, ஒரு ராத்திரிக்கு நாலஞ்சு சுத்து. முன்ராத்திரியில ஆழ்ந்த தூக்கம் அதிகம், அந்த நேரத்துல மூளை அலை பெருசு பெருசா மெதுவா மலை மாதிரி எழும்பி விழும், பாக்கவே அவ்ளோ அழகா இருக்கும். விடியக்காலம் நெருங்க நெருங்க கனவுத் தூக்கம் அதிகமாகும். அதனாலதான் காலையில அலாரம் அடிக்கிறப்ப பாதிக் கனவுல இருந்து எந்திரிக்கிறோம்.

இந்தக் கனவுத் தூக்கத்தைக் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல சிகாகோ யுனிவர்சிட்டியில, யூஜின் அசெரின்ஸ்கின்னு ஒரு மாணவர். தன்னோட எட்டு வயசுப் பையன் ஆர்மண்ட் தலையிலயும் கண்ணு ஓரத்துலயும் ஒயரை ஒட்டி ராத்திரி முழுக்கப் பாத்துக்கிட்டு இருந்தாரு. பையன் நல்லாத் தூங்குறான், ஆனா திடீர்னு கண்ணு ரெண்டும் மூடின இமைக்குள்ள அங்கயும் இங்கயும் ஓடுது, மூளை அலை முழிச்சிருக்கிற ஆளு மாதிரி இருக்கு. மெஷின் பழசு, ரிப்பேரோன்னு முதல்ல சந்தேகம். ரிப்பேர் இல்ல. 1953-ல அவரும் அவரோட பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் சேந்து அதை வெளியிட்டாங்க. ரெம் தூக்கம்னு இப்ப எல்லாரும் சொல்றது அதுதான். அதுக்குப் பிறகு ஃப்ரான்ஸ்ல லியோன் நகரத்துல மிஷேல் ஷுவேன்னு ஒரு விஞ்ஞானி பூனைகளை வெச்சு இன்னொண்ணைக் காட்டினாரு. இந்தத் தூக்கத்துல உடம்போட தசை எல்லாம் முழுசாத் தளந்து போயிடுது, மூளையே அந்தக் கட்டளையைக் குடுக்குது. ஏன்னா கனவுல ஓடுறப்ப நிஜமாவே எந்திரிச்சு ஓடிடக் கூடாதுல்ல. மூச்சு விடுற உதரவிதானமும் கண்ணை அசைக்கிற தசையும் மட்டும் விதிவிலக்கு.

நம்ம ஊருல அமுக்குவான் பேய்னு சொல்றோமே, அதுக்கும் இதுதான் காரணம். முழிப்பு வந்துடும், கண்ணு தெறக்கும், மேல ஃபேன் சுத்துறது தெரியும், ஆனா கையக் காலை அசைக்க முடியாது, கத்தினா குரல் வராது, நெஞ்சு மேல யாரோ உக்காந்து அமுக்குற மாதிரி இருக்கும். கனவுத் தூக்கத்தோட அந்தக் கட்டு அவுறதுக்கு முன்னாடி முழிப்பு வந்துருச்சு, அவ்ளோதான். ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானா விட்டுடும். ஜப்பான்ல இதுக்கு கனாஷிபரின்னு பேரு, கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பக்கம் கிழவி வந்து நெஞ்சுல உக்காந்துட்டான்னு சொல்லுவாங்க. எந்த நாட்டுல பொறந்தாலும் நெஞ்சுல உக்காருறது மட்டும் மாறல பாருங்க. தூக்கம் கெட்ட நாள்லயும் மல்லாக்கப் படுத்தாலும் இது அதிகம் வரும். பயப்படாதீங்க, மெதுவா ஒரு விரலை அசைக்கப் பாருங்க. ஆனா அடிக்கடி வருது, கூடவே பகல்லயும் அடக்க முடியாத தூக்கம் வருதுன்னா டாக்டரைப் பாக்கணும்.

சரி, நான் சொல்ல வந்தது பேயைப் பத்தி இல்ல, குறட்டையைப் பத்தி.

எங்கப்பா லாரி டிரைவர். நாமக்கல் வண்டி, வடநாடு லோடு. பத்து நாளைக்கு ஒருக்கா வீட்டுக்கு வருவாரு, வந்து சாப்பிட்டுப் படுத்தாருன்னா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவாரு, குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்கும். நாங்க பசங்க சிரிப்போம். எங்க பாட்டி "பாவம், உழைச்ச உடம்பு, நல்லாத் தூங்கட்டும்"னு சொல்லும். எங்கம்மா மட்டும் சிரிக்க மாட்டாங்க. ராத்திரி நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா, அம்மா இருட்டுல உக்காந்து அப்பா மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. "என்னம்மா"ன்னா "ஒண்ணுமில்ல சாமி, மூச்சு நின்னு நின்னு வருது, நீ படு"ன்னு சொல்லுவாங்க. அந்த வார்த்தையை எத்தனை வருஷம் சொன்னாங்க தெரியுமா. பக்கத்து வீட்டுல சொன்னாங்க, மாமாகிட்ட சொன்னாங்க, ஒரு தடவை அப்பாவோட பிரஷருக்கு மாத்திரை வாங்கப் போன இடத்துல டாக்டர்கிட்டயே சொன்னாங்க, அவரு "குறட்டை எல்லாருக்கும்தாம்மா வரும்"னு சொல்லிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. அப்பா 53 வயசுல, விடியக்காலம் தூக்கத்துல ஸ்ட்ரோக் வந்து போயிட்டாரு. அந்த நோய்க்கு ஸ்லீப் ஆப்னியான்னு, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றதுன்னு, ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சது அதுக்கு ஆறு வருஷம் கழிச்சு, இந்த வேலைக்கு ட்ரெயினிங் போன ரெண்டாவது நாள். ஸ்க்ரீனைப் பாத்தேன், எங்கம்மா சொன்ன அதே வார்த்தை கோடு கோடா ஓடிட்டு இருந்துச்சு.

என்ன நடக்குதுன்னு சொல்றேன். தொண்டையில மூச்சுப் போற வழிக்கு எலும்புத் தாங்கல் கிடையாது, சுத்தி இருக்கிற தசைதான் அதைத் தொறந்து வெச்சிருக்கு. தூங்கினா தசை தளரும், நாக்கு பின்னாடி சரியும், வழி குறுகும். குறுகின வழியில காத்து போறப்ப அண்ணத்துத் தசை படபடன்னு அடிக்கும், அந்தச் சத்தம்தான் குறட்டை. கழுத்து தடிச்சவங்களுக்கு, தாடை உள்வாங்கினவங்களுக்கு, குடிச்சுட்டுப் படுக்குறவங்களுக்கு அந்த வழி முழுசாவே ஒட்டிக்கும். அப்ப சத்தம் நின்னுடும். வீட்டுல இருக்கிறவங்க "அப்பாடா"ன்னு நெனைக்கிற நேரம் அது. என் ஸ்க்ரீன்ல மூச்சுக் கோடு நேர்கோடா ஆயிடும், ஆனா நெஞ்சு பெல்ட்டும் வயித்து பெல்ட்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா ஏறி இறங்கும். உடம்பு மூச்சுக்காகப் போராடுது, காத்து மட்டும் உள்ள போகல. பத்து செகண்ட், இருபது, முப்பது. ஆக்சிஜன் 96-ல இருந்து 90, 84, 78-னு இறங்கும். அப்ப மூளை அலறி அடிச்சு முழிச்சுக்கும், மூணு நாலு செகண்ட்தான், ஒரு பெரிய உறுமலோட காத்து உள்ள போகும், புரண்டு படுப்பாங்க, மறுபடி குறட்டை, மறுபடி அமைதி. காலையில கேட்டா "நல்லாத் தூங்கினேன்"னுதான் சொல்லுவாங்க, பொய் சொல்லல, அந்த முழிப்பு அவங்களுக்கு ஞாபகமே இருக்காது.

பத்து செகண்டுக்கு மேல மூச்சு நின்னா, இல்ல ரொம்பக் குறைஞ்சு போய் ஆக்சிஜன் இறங்கினா, அதை ஒண்ணுன்னு எண்ணுவோம். மணிக்கு அஞ்சுக்குக் கீழ இருந்தா பரவாயில்ல, 30-க்கு மேல போனா தீவிரம். 70, 80 வர்றவங்களை நான் மாசா மாசம் பாக்குறேன். எண்பதுன்னா என்ன அர்த்தம்னு யோசிங்க, முக்கா நிமிஷத்துக்கு ஒரு தடவை யாரோ கழுத்தை நெரிச்சு விடுற மாதிரி, ராத்திரி பூரா. ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் ஏறுது, பிரஷர் ஏறுது, இதயம் அடி வாங்குது. மூணு மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கலைன்னு சொல்றவங்கள்ல நெறைய பேருக்கு இதுதான் பின்னாடி இருக்கு. ராத்திரி நாலு தடவை ஒண்ணுக்குப் போறோம், சுகர்னு நெனச்சோம்னு வருவாங்க, அதுவும் இதாலதான் இருக்கலாம், அடைச்ச தொண்டைக்கு எதிரா மூச்சை இழுக்கிறப்ப இதயத்து மேலறை விரியும், ரத்தத்துல தண்ணி கூடிப்போச்சுன்னு அது தப்பாப் புரிஞ்சுக்கிட்டு தண்ணியை வெளிய தள்ள சிக்னல் குடுக்கும்.

ஒல்லியா இருந்தா வராதுன்னும் நெனைக்காதீங்க, ஆசிய மக்களுக்கு தாடை அமைப்பால வெள்ளைக்காரங்களை விடக் குறைஞ்ச எடையிலயே இது வருது. பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நின்ன பிறகு அதிகமாகுது. சின்னக் குழந்தை தினமும் வாயைத் தொறந்து குறட்டை விட்டா அது அழகு கிடையாதுங்க, டான்சிலோ மூக்குக்குப் பின்னாடி இருக்கிற அடினாய்டு சதையோ வீங்கியிருக்கலாம், பகல்ல துறுதுறுன்னு ஒரு இடத்துல உக்காராம இருக்கும், படிப்புல கவனம் இருக்காது, டீச்சர் திட்டுவாங்க, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நல்ல தூக்கம். 2019-ல லான்செட் குழுமத்து மருத்துவ இதழ்ல போட்ட கணக்குப்படி உலகத்துல 30-லிருந்து 69 வயசுக்குள்ள சுமார் 93 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவுல இது இருக்கு.

இப்ப டிரைவர் அண்ணன்களுக்கு. தூக்கம் வந்தா என்ன பண்றோம், வண்டியை ஓரம் கட்டி மூஞ்சியில தண்ணி அடிச்சுட்டு ஒரு ஸ்ட்ராங் டீ. எங்கப்பாவும் அதேதான். முழிச்சிருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மூளையில அடினோசின்னு ஒரு பொருள் சேந்துக்கிட்டே வருது, அதுதான் கண்ணைக் கட்டுது. டீ, காபியில இருக்கிற கஃபீன் அந்த அடினோசின் போய் உக்காருற இடத்துல முன்னாடியே போய் உக்காந்துக்கும். தூக்கக் கடன் அடையல, கடன்காரன் கதவைத் தட்டுற சத்தம் மட்டும் கேக்காது. அதுலயும் விடியக்காலம் ரெண்டுல இருந்து அஞ்சு மணிக்குள்ள உடம்புக் கடிகாரமே தூங்குன்னு சொல்ற நேரம், அந்த நேரத்துல ரெண்டு மூணு செகண்ட் கண்ணைத் தெறந்துக்கிட்டே மூளை தூங்கிடும். எண்பது கிலோமீட்டர் வேகத்துல மூணு செகண்ட்ல வண்டி அறுபத்தஞ்சு மீட்டருக்கு மேல போயிருக்கும். வண்டிக்கு எஃப்சி எடுக்கிறோம், பிரேக் பாக்குறோம், டயர் பாக்குறோம், ஓட்டுறவன் தொண்டையை ஒரு நாள் பாத்துட்டு வாங்கண்ணா.

வைத்தியம் இருக்கு, அதான் எனக்கு ஆத்தாமையே, இருந்துச்சு, எங்கப்பா உசுரோட இருக்கிறப்பவே இருந்துச்சு. ஆஸ்திரேலியாவுல சிட்னியில காலின் சலிவன்னு ஒரு டாக்டர், வேக்கம் கிளீனர் மோட்டார் மாதிரி ஒண்ணை வெச்சு மூக்கு வழியா மெதுவா காத்தை அழுத்திக் குடுத்தாரு, தொண்டை ஒட்டாம நின்னுச்சு, குறட்டையும் போச்சு அடைப்பும் போச்சு, 1981-ல அதை லான்செட்ல எழுதினாரு. அதுதான் சிபேப் மெஷின். இப்ப புஸ்தக சைஸ்ல சத்தமே இல்லாம வந்துருச்சு. காசு ஆகும், இல்லைன்னு சொல்லல, மாஸ்க் பழக ரெண்டு மூணு வாரம் ஆகும், கரண்ட் போனா நிக்கும். லேசா இருக்கிறவங்களுக்கு எடை குறைக்கிறது, ஒருக்களிச்சுப் படுக்கிறது, ராத்திரி குடியை விடுறதே நல்லா கேக்கும். பல்லுல மாட்டுற கருவி இருக்கு, சிலருக்கு ஆபரேஷன். நீங்களா கடையில தூக்க மாத்திரை வாங்கிப் போடுறது மட்டும் வேண்டவே வேண்டாம், அதுல சிலது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திடும். காது மூக்கு தொண்டை டாக்டரையோ நுரையீரல் டாக்டரையோ பாருங்க, இப்ப வீட்டுலயே ஒரு ராத்திரி மாட்டிப் பாக்குற சின்ன டெஸ்ட்டும் இருக்கு.

தூங்குறவங்களுக்குத் தன் தூக்கம் தெரியாது. பக்கத்துல படுத்திருக்கிற நீங்கதான் சாட்சி. ராத்திரி முழிப்பு வந்தா போன்ல ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க, குறட்டையும் விழணும், அது நிக்கிறதும் விழணும், மறுபடி உறுமுறதும் விழணும். அதை டாக்டர்கிட்டப் போட்டுக் காட்டுங்க. "எல்லாருக்கும் வரும்"னு அவர் சொன்னா இன்னொரு டாக்டர்கிட்டப் போங்க. எங்கம்மாகிட்ட அன்னைக்கு போன் இல்ல.

போன மாசம் ஒரு பெரியவர் வந்தாரு, பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, மணிக்கு 62. பாதி ராத்திரிக்கு மேல மாஸ்க் மாட்டி காத்து அழுத்தத்தை ஒண்ணொண்ணா ஏத்தினேன். ஒரு அளவுக்கு வந்ததும் கோடு எல்லாம் சீராயிடுச்சு, கொஞ்ச நேரத்துல கண்ணு ஒயர் ரெண்டும் துள்ள ஆரம்பிச்சுது, கனவுத் தூக்கம், அது நாப்பது நிமிஷத்துக்கு மேல விடாமப் போச்சு. வருஷக் கணக்கா வெட்டுப்பட்டு வெட்டுப்பட்டு வந்த தூக்கம், வழி கெடைச்சதும் மூளை மொத்தமா எடுத்துக்கும். காலையில ஆறு மணிக்கு லைட் போட்டு ஒயரை எல்லாம் எடுத்துட்டு இருக்கேன், கன்னத்துல மாஸ்க் அழுந்தின தடம், தலையில எல்லாம் பேஸ்ட், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "தம்பி, எங்கம்மா கனவுல வந்துச்சு, கெணத்து மேட்டுல நின்னு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டுச்சு, கனவு கண்டு எத்தனை வருஷமாச்சுன்னே தெரியல"ன்னாரு. வெளிய பெஞ்சுல அவரு சம்சாரம் உக்காந்தபடியே தூங்கிட்டு இருந்தாங்க. நான் எழுப்பப் போனேன், அவர் வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, சத்தமில்லாமப் போய் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு.