கட்டிலுக்கடியில் ஒரு குட்டி

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

கைவிடப்பட்ட நிலையில் மீட்கப்பட்ட நாய்க்குட்டி ஒன்றைக் கண்டதும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்ற எண்ணம் உங்களில் பலருக்கும் ஒருமுறையாவது எழுந்திருக்கும். கொண்டுவந்த பிறகு வரும் நாட்களைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஏறத்தாழப் பத்து வாரமான குட்டி ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது. தரையில் இறக்கிவிட்ட உடனே அது கட்டிலுக்கடியில் ஓடி, சுவரோரம் ஒடுங்கிக்கொண்டது. பழகட்டும் என்று நினைத்து முதல் நாளே அதை வெளியே இழுத்தேன். அது நடுங்கிக்கொண்டே என் கையில் சிறுநீர் கழித்துவிட்டு, பிடி தளர்ந்ததும் முன்பைவிட ஆழமாக உள்ளே போய்விட்டது. பழக்குவதாக எண்ணி அதை அச்சுறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மறுநாளிலிருந்து கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் அமர்ந்து, உணவுத் துணுக்கு ஒன்றை எனக்குப் பின்னால் வைத்துவிட்டு, பேசாமல் நாளிதழ் வாசித்தேன். முதலில் நான் எழுந்துபோன பிறகே துணுக்கு மறைந்தது. பிறகு நான் இருக்கும்போதே மறைந்தது. நான்காம் நாள் மாலை என் முழங்கையில் ஈரமான மூக்கு ஒன்று பட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை; பார்க்கக் கூடாது என்பதை அதற்குள் கற்றிருந்தேன்.

அச்சத்தால் ஒதுங்கும் குட்டியை அடங்காத குட்டி என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அறிவியலாளர்கள் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, பிறந்த மூன்றாவது வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி உலகோடு எளிதில் உறவு கொள்ளும் பருவம் என்று காட்டியது. மீட்கப்படும் குட்டிக்கு இந்தப் பருவத்தின் பெரும்பகுதி பசியிலும் ஓட்டத்திலும் கழிந்திருக்கலாம். எனவே எஞ்சிய வாரங்களை நாம் அருமையாகக் கருத வேண்டும்.

அடுத்து, நான் எங்கு பேசினாலும் சொல்லும் ஒன்றை இங்கும் சொல்லியாக வேண்டும். வேலை முடிந்து வீடு திரும்புகிறோம். அறையின் நடுவே ஈரம். குட்டியை இழுத்துவந்து, அதன் மூக்கை அந்த ஈரத்தில் தேய்த்துத் திட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தான் செய்ததற்கும் அதைத் தொடர்ந்து வருவதற்கும் உள்ள தொடர்பைக் குட்டி ஓரிரு நொடிகளுக்குள்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு மணி நேரம் கழித்துத் திட்டினால், நீங்கள் வீடு திரும்புவதே அச்சத்துக்குரியது என்றுதான் அது கற்கும். 'தப்புப் பண்ணியது தெரிந்துதானே முகத்தைத் தொங்கப்போடுகிறது?' என்று கேட்பீர்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அறிவியலாளர் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இதைச் சோதித்தார். தவறே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியபோது அதே முகத்தைக் காட்டின. அந்த முகம் நம் கோபத்துக்கான மறுமொழி. ஒப்புதல் வாக்குமூலம் அன்று. திரும்பவும் சொல்கிறேன்: ஓரிரு நொடிகள். ஆகவே தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் குட்டியை வெளியே தூக்கிச் செல்லுங்கள். அது சிறுநீர் கழித்து முடித்த அந்தக் கணத்திலேயே, அந்த இடத்திலேயே பாராட்டித் துணுக்கு கொடுங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க இயலாது என்பதால், வீட்டில் யார் எப்போது இருப்பார்கள் என்று கணக்கிட்ட பிறகே குட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். எஞ்சியதை விரைந்து சொல்லிவிடுகிறேன். தடுப்பூசிகள் ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் வரை சில வார இடைவெளியில் தொடரும்; வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசியை எந்த வாரத்தில் போடுவது என்பதைக் கால்நடை மருத்துவர் சொல்வார். ஊசிகள் முடியும்வரை குட்டியை வீட்டுக்குள்ளேயே அடைத்துவைக்க வேண்டியதில்லை. பிற நாய்கள் நடமாடும் தரையில் இறக்காமல், கையில் ஏந்திச் சென்று தெருவின் ஒலிகளையும் மனிதர்களையும் காட்டலாம். நான்காம் மாதவாக்கில் பால்பற்கள் விழத் தொடங்கும்போது ஈறு உறுத்துவதால் கண்டதையெல்லாம் கடிக்கும். கையை விலக்கிக்கொண்டு, கடிப்பதற்கான ரப்பர் பொம்மையைக் கொடுங்கள். கயிறு பிடித்து நடத்துவதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இப்போது ஒன்று மட்டும்: கழுத்துப்பட்டையைச் சில நாட்கள் வீட்டுக்குள்ளேயே அணிவித்துப் பழக்கிவிட்டு, அதன் பிறகு கயிற்றை மாட்டுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.